அணு உலைக்கும் ஒரு புராணமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் இன்று போகிறவர்களிடம், இது ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி என்று சொன்னால் நம்புவது கஷ்டம். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரரின் மோட்டார் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் நிஸ்ஸான் என்னும் ஜப்பான் கம்பெனியும் ரெனோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனியும் கூட்டாகக் கார் செய்ய ஆரம்பித்தன. மண் வெட்டும் யந்திரத்துக்குக் கொமாட்சு, மோட்டார் சைக்கிளுக்கு யமஹா என்று வேறு பல ஜப்பான் பெயர்களும் அந்த வட்டாரத்துப் பலகைகளில் இருக்கின்றன. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் நமது கிராமத்து வாலிபர்களுக்குக் "கைஸன்" என்றால் என்ன, "ஐந்து எஸ்" என்றால் என்ன என்பதெல்லாம் மனப்பாடம்.

இதிலே நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் கற்றுக் கொள்ள வேண்டியதுதான். ஜப்பான் மோட்டார் தொழிற்சாலைகள் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த இரண்டு காரியங்கள் உண்மையிலேயே மெச்சத் தக்கவை. ஒன்று, ஒரு பழுது வந்தால் "ஏன்?" என்று ஒரு தடவையோடு விடாமல் ஐந்து தடவை கேட்பது. ஆணி ஏன் உடைந்தது? யந்திரம் சூடேறியதால். ஏன் சூடேறியது? எண்ணெய் போகாததால். ஏன் போகவில்லை? இப்படியே அடிவேர் வரையில் போவது. மற்றொன்று, பிசகைக் கண்ட தொழிலாளி எவனாயிருந்தாலும் கயிற்றை இழுத்து வேலை வரிசையையே நிறுத்தலாம் என்பது. இவ்விரண்டும் நாம் இத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கும் பகுத்தறிவைத் தவிர வேறென்ன?

ஆனால், நமது ஜனங்கள் இந்த "ஏன்?" என்பதை எடுத்துக் கொள்ளாமல், "ஜப்பான்காரன் செய்தால் பிசகாது" என்னும் நம்பிக்கையை மாத்திரம் எடுத்துக் கொண்டு விட்டார்கள். நாட்டில் அணு உலையைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால், உடனே படித்த கனவான்கள், "ஜப்பானே அணு உலை வைத்திருக்கிறதே, உனக்கென்ன பயம்?" என்று வாயை அடைக்கிறார்கள். 2016 நவம்பர் 11-ந் தேதி டோக்கியோவில் இந்திய சர்க்காரும் ஜப்பான் சர்க்காரும் அணுசக்தி ஒப்பந்தம் செய்து கொண்டு, அது 2017 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னும் மதிப்பேறி விட்டது. ஆகவே, ஜப்பான் அணு உலைத் தொழிலின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மோட்டார் தொழிற்சாலையில் ஐந்து தடவை "ஏன்?" கேட்ட அதே நாட்டில், அணு உலையின் வாசலில் ஒரு தடவை கேட்பதற்குக்கூட இடமில்லாமல் போன கதை அது.

உலை வந்த விதம்

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் அமெரிக்கா அணு குண்டு போட்டது யாவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாட்டில் அணு உலை எப்படி வந்தது? 1954 மார்ச் 1-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், மீன் பிடிக்கப் போன ஒரு ஜப்பான் படகின் மேல் விழுந்தது. அந்தப் படகின் பெயர் "ஐந்தாவது அதிர்ஷ்ட நாகம்"! அதிர்ஷ்டத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துக் கொண்டு போன 23 மீனவர்களும் கதிர்வீச்சு நோயில் விழுந்தார்கள். ஒருவர் அந்த வருஷமே இறந்தார். வேடிக்கை என்னவென்றால், அதே மார்ச் மாதத்தில்தான் ஜப்பான் பார்லிமெண்டில் அணு ஆராய்ச்சிக்கென்று முதல் முதலாகப் பணம் கேட்கப்பட்டது. கேட்ட தொகை 23 கோடியே 50 லட்சம் யென். யுரேனியம் 235 என்னும் பெயரைப் பார்த்து அந்த எண்ணை வைத்தார்களாம். வீடு கட்டுவதற்கு நல்ல எண் பார்க்கும் நமது ஆட்களுக்கும் இவர்களுக்கும் எவ்வளவு தூரம்?

பிறகு பத்திரிகைப் பிரசாரம் புறப்பட்டது. "யோமியுரி" என்னும் பெரிய பத்திரிகையின் முதலாளியான ஷோரிகி என்பவரே 1956-ல் அணுசக்திக் கமிஷனின் முதல் தலைவரானார். நியாயம் சொல்ல வேண்டிய பத்திரிகைக்காரரே உலைக்குக் காரியஸ்தர்! 1955-ல் செய்த சட்டத்தில் ஜனநாயகம், சுயேச்சை, பகிரங்கம் என்று மூன்று பெரிய வார்த்தைகளை எழுதி வைத்தார்கள். 1963 அக்டோபர் 26-ந் தேதி டோக்காய் கிராமத்தில் முதல் அணு மின்சாரம் உண்டாயிற்று. 1966-ல் அங்கேயே வியாபார முறையில் ஓடும் முதல் உலை வந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அடுத்த வருஷமே சட்டங்கள் செய்து, உலைக்கு இடம் கொடுக்கும் ஊர்களுக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். ஏழை மீனவர் ஊர்களுக்கு மண்டபம் வந்தது, நீச்சல் குளம் வந்தது, ரோடு வந்தது. வாங்கிக் கொண்ட ஊர் பிறகு வாய் திறக்குமா? 2011 ஆரம்பத்தில் ஜப்பானில் 54 உலைகள் இருந்தன. நாட்டு மின்சாரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்ட அவை கொடுத்தன.

இதிலே இன்னொரு சங்கதி. இரண்டு உலைகளுக்கு "மோஞ்ஜு", "ஃபூகென்" என்று பெயர் வைத்தார்கள். இவை இரண்டும் போதிசத்துவர்களின் பெயர்கள். மோஞ்ஜு ஞானத்துக்கு அதிபதியாம். அந்த ஞானக் கடவுளின் பெயர் தாங்கிய உலை 1994-ல் உயிர் பெற்றது. 1995 டிசம்பர் 8-ந் தேதி அதிலிருந்த சோடியம் ஒழுகித் தீப்பற்றியது. நிர்வாகிகள் செய்த முதல் காரியம் என்ன? எடுத்த படத்தில் கோரமான பாகத்தை வெட்டி விட்டு மிச்சத்தை ஜனங்களுக்குக் காட்டினார்கள். பதினான்கு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்து, 2010-ல் திறந்து, அந்த வருஷமே ஒரு யந்திரம் உள்ளே விழுந்து, கடைசியில் 2016 டிசம்பரில் அதைக் கலைத்து விடுவதென்று சர்க்கார் முடிவு செய்தது. சாமி பெயர் வைத்ததால் ஒரு திருகாணிகூடக் கெட்டிப்படவில்லை.

புராணம் எழுதப்பட்டது

ஜப்பான் பாஷையில் இதற்கென்றே ஒரு சொல் ஏற்பட்டிருக்கிறது: "ஆன்ஸென் ஷின்வா". ஆன்ஸென் என்றால் பாதுகாப்பு. ஷின்வா என்றால் தேவர்களின் கதை. அதாவது பாதுகாப்புப் புராணம். இந்தப் பெயரை நாம் வைக்கவில்லை. அந்நாட்டு ஜனங்களே வைத்தார்கள்.

புராணத்தின் சாரம் இது: "ஜப்பான் உலையில் பெரிய விபத்து நடக்காது." இதை ஒரு தடவை சொல்லி விட்டால், பிறகு அதிலிருந்து வரும் விபரீதத்தைப் பாருங்கள். விபத்து நடக்காது என்றால், ஊரை விட்டு ஓடும் ஒத்திகை எதற்கு? ஒத்திகை நடத்தினால் ஜனங்கள் பயப்படுவார்களே, ஆகவே பேருக்கு நடத்தினால் போதும். மதிலை உயர்த்தினால் முன்பு கட்டியது போதாது என்று ஒப்புக் கொண்டதாகுமே, ஆகவே உயர்த்தக் கூடாது. கண்காணிக்கும் இலாகாவோ, அணு உலையை வளர்க்கும் மந்திரி இலாகாவின் கீழேயே இருந்தது. கோயில் தர்மகர்த்தாவே கணக்கு ஆடிட்டரானால் உண்டியல் கணக்கு எப்படியிருக்குமோ, அப்படியே இதுவும் இருந்தது.

1999 செப்டம்பர் 30-ந் தேதி டோக்காய் கிராமத்தில் யுரேனியம் பக்குவப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் நடந்ததை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து கொள்ள வேண்டும். சர்க்கார் அனுமதித்த முறை வேறு; சீக்கிரம் முடிக்கவேண்டுமென்று கம்பெனி ரகசியமாக எழுதி வைத்திருந்த முறை வேறு. அதன்படி தொழிலாளிகள் யுரேனியக் கரைசலை எவர்சில்வர் வாளியால் மொண்டு தொட்டியில் ஊற்றினார்கள். அளவு மீறியதும் அந்த இடத்திலேயே அணுப்பிளவு தொடர்ந்து நடக்க ஆரம்பித்தது. இருவர் செத்தார்கள், ஒருவர் 83 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. விஞ்ஞானம் மேலே இருந்த பெரிய மனிதர்களின் புத்தகத்தில் இருந்தது. வாளி மாத்திரம் தொழிலாளியின் கையில் இருந்தது. படிக்கக் கூடாதென்று ஒருவனை வைத்திருந்து, பிறகு படிக்கத் தெரியாததால் செத்தான் என்று சொல்லும் அக்கிரமத்தை நாம் இந்த நாட்டிலேயே பார்த்தவர்கள். ஆகையால் நமக்கு இது புதிதல்ல.

2002-ல் டோக்கியோ மின்சாரக் கம்பெனி பல வருஷமாகப் பரிசோதனைக் கணக்குகளைப் பொய்யாக எழுதி வந்தது வெளியாயிற்று. 2003-ல் அதன் 17 உலைகளும் நிறுத்தப்பட்டன. பிறகு? புராணம் பழையபடி படிக்கப்பட்டது.

கடல் வந்தது

2011 மார்ச் 11-ந் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி அதிர்ந்தது. புகுஷிமா உலை கட்டும்போது அங்கே 35 மீட்டர் உயரமான கரை இருந்தது. அதை வெட்டிச் சுமார் 10 மீட்டராக்கித்தான் உலையை வைத்தார்கள். 1960-ல் சிலி தேசத்திலிருந்து வந்த அலை 3.1 மீட்டர் என்பதே முதல் கணக்கு. பிறகு அது 5.7 மீட்டர் ஆயிற்று. 2008-ல் அந்தக் கம்பெனியின் சொந்த ஆட்களே, 15.7 மீட்டர் வரையில் அலை வரலாம் என்று கணக்குப் போட்டு மேலே கொடுத்தார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் ஆராயட்டும் என்று தள்ளி வைத்தார்கள். மூன்று வருஷத்தில் சுமார் 14, 15 மீட்டர் அலை வந்தது. டீசல் யந்திரங்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தபடியால் முழுகின. உலையைக் குளிர வைக்கக் கரண்டு இல்லாமல் போயிற்று. மூன்று உலைகளின் உள்ளிருப்பு உருகியது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள்.

உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சால் அன்றே விழுந்து செத்தவர் இல்லை. ஆனால் ஒத்திகையில்லாமல் அள்ளிக் கொண்டு ஓடிய ஓட்டத்தில், பக்கத்து ஆஸ்பத்திரி நோயாளிகளும் வயோதிகர்களுமாக 40-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பின் வந்த வருஷங்களில் அலைச்சலாலும் வியாதியாலும் மனம் உடைந்தும் செத்தவர்கள் அந்த ஜில்லாவில் மாத்திரம் 2,000-க்கு மேல் என்று அந்நாட்டுக் கணக்கே சொல்லுகிறது. அவர்களைக் கொன்றதில் கதிரைவிட, "நடக்காது" என்னும் நம்பிக்கைக்கே பெரும் பங்கு.

இப்போது ஒனகாவாவைப் பாருங்கள். பூகம்பம் பிறந்த இடத்துக்குப் புகுஷிமாவைவிடக் கிட்டத்தில் இருந்த உலை அது. அங்கேயும் 13 மீட்டர் அலை வந்தது. ஆனால் அந்த உலை தப்பியது. ஏன்? கட்டுகிற காலத்தில் ஹிராய் யானோசுகே என்னும் இஞ்சினீயர், பழைய காலத்தில் வந்த அலைகளை விசாரித்து, 14.8 மீட்டர் உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். செலவு அதிகம் என்று மற்றவர்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. அவர் செத்து வருஷங்கள் கழித்து வந்த அலை, அவர் கேட்டது சரி என்று காட்டியது. வீடிழந்த ஊர் ஜனங்களே அந்த உலையின் வளைவுக்குள் வந்து தங்கினார்கள். ஒரே கடல், ஒரே நாள், ஒரே ஜாதி விஞ்ஞானம். ஒரு இடத்தில் "ஏன்?" என்றவன் பேச்சு எடுபட்டது, மற்றொரு இடத்தில் எடுபடவில்லை. இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவன் முழு மூடன்.

ஜப்பான் பார்லிமெண்டே நியமித்த விசாரணைக் கமிஷன் 2012 ஜூலையில் கொடுத்த அறிக்கையில், இது மனிதன் செய்த விபத்து என்று எழுதியது. அதன் தலைவர் டாக்டர் குரோகாவா, மேலதிகாரியைக் கேள்வி கேட்கத் துணியாமையும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கமும், கூட்டத்தோடு கூட்டமாய் ஒட்டிக் கொள்ளும் குணமுமே இதற்கு வேர் என்று கூசாமல் சொன்னார். ஆனால் தண்டனை? கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மேல் நடந்த கிரிமினல் வழக்கில், 2025 மார்ச்சில் ஜப்பான் சுப்ரீம் கோர்ட்டும் விடுதலையையே உறுதி செய்தது. பாவம் செய்தவனுக்கு நரகம் என்பது புராணத்தில்தான் உண்டு போலும்.

நம் வாசலுக்கு எவ்வளவு தூரம்?

நிற்க. இது ஜப்பான் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரகடத்திலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். புகுஷிமாவிலிருந்து ஈட்டாட்டே என்னும் கிராமமும் ஏறக்குறைய அந்தத் தூரமே. முதலில் சர்க்கார் போட்ட 20, 30 கிலோமீட்டர் வட்டங்களுக்கு அந்தக் கிராமத்தின் பெரும் பாகம் வெளியே இருந்தது. தங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைத்து, ஓடி வந்த மற்ற ஊராருக்குச் சோறாக்கிப் போட்டார்கள். ஆனால் காற்றுக்குச் சர்க்கார் போட்ட வட்டம் தெரியுமா? காற்றும் மழையும் பனியும் கதிரை அங்கே கொண்டு போய் இறக்கின. காற்று எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் யந்திரக் கணக்கு சர்க்காரிடம் இருந்தும், அதை மார்ச் 23 வரையில் வெளியிடவில்லை. ஏப்ரல் 22-ந் தேதிதான் அந்தச் சுமார் 6,000 ஜனங்களும் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தக் கிராமத்துக்கு உலையால் ஒரு காசு வருமானம் வந்ததில்லை. வந்தது இது ஒன்றுதான்.

அமெரிக்க சர்க்கார் தன் பிரஜைகளைப் புகுஷிமாவைச் சுற்றி 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. கல்பாக்கத்தை நடுவில் வைத்து அதே வட்டத்தைப் போட்டால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு, காஞ்சீபுரம், சென்னை எல்லாம் உள்ளே வரும். நமது நாட்டு அவசரத் திட்டமோ 16 கிலோமீட்டரோடு நிற்கிறது.

கல்பாக்கத்தின் பழைய உலைகள் புகுஷிமா ஜாதியல்ல, அளவிலும் சிறியவை. இதை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. ஒவ்வொன்றும் 220 மெகாவாட் என்று கட்டியவை. நமது நாட்டு இஞ்சினீயர்கள் கட்டி, 1984-லும் 1986-லும் ஓட விட்டவை. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது ஓடிக்கொண்டிருந்த உலை ஒழுங்காக நிறுத்தப்பட்டது. அது பாராட்டத் தக்கது. ஆனால் அதே அலை ஊழியர் குடியிருப்பில் புகுந்து உயிர்களைக் கொண்டு போயிற்று. பக்கத்தில் புதிய உலைக்கு வெட்டிய பள்ளத்தை நிரப்பியது. அந்தப் புதிய உலை என்ன தெரியுமா? மோஞ்ஜுவைப் போலவே சோடியத்தால் குளிர வைக்கும் ஜாதி, 500 மெகாவாட். 2004-ல் கட்ட ஆரம்பித்து, 2024 மார்ச்சில்தான் பிரதம மந்திரி முன்னிலையில் உலைக்குள் சாமான் ஏற்றும் வேலை தொடங்கியது. மோஞ்ஜுவில் கற்ற பாடங்கள் இதிலே எவ்விதம் சேர்க்கப்பட்டன என்பதைத் திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் தமிழில் வந்து சொல்ல வேண்டியது யார் கடமை?

2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு தொழிலாளர்கள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இது வெளி ஜனங்களுக்குத் தெரிய மாதங்கள் ஆயின. 2011, 2012-ல் திருநெல்வேலி ஜில்லாவில் கூடங்குளம் உலையைப் பற்றி இடிந்தகரை மீனவர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்டது புகுஷிமாவில் உலை உருகிய அதே வருஷம். பதில் சொல்ல வேண்டிய சர்க்கார், ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கைப் போட்டது. ஒரு காலத்தில் சாமி இல்லை என்றால் நாஸ்திகன். இந்தக் காலத்தில் உலை பத்திரமா என்றால் தேசத்துரோகி!

இதிலே கடைசியாக வந்தது 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய அணுசக்திச் சட்டம். இங்கிலீஷ் எழுத்துக்களைக் கோத்து அதற்குச் "சாந்தி" என்று பெயர் வைத்தார்கள். தோஷத்துக்குச் சாந்தி, கிரகத்துக்குச் சாந்தி. இப்போது அணுவுக்கும் சாந்தி! பெயரில் சாந்தி, காரியத்தில் என்ன? தனி முதலாளிகளுக்கு அணு மின்சாரத்தின் கதவு திறக்கப்பட்டது. பழுதான சாமானைக் கொடுத்த கம்பெனியிடம் உலைக்காரர் நஷ்டம் கேட்கலாம் என்று 2010 சட்டத்தில் இருந்த பிரிவு எடுபட்டது. ஜப்பான் அணுத்தொழில் முதலாளிகளும் அமெரிக்க முதலாளிகளும் அந்தப் பிரிவை வேண்டாமென்றே சொல்லி வந்தார்கள். தோழர்களே! உலையில் விபத்து வராது என்று சத்தியம் செய்கிறவர்கள், விபத்து வந்தால் பொறுப்பு எங்களுடையதல்ல என்று எழுதி வாங்குவானேன்? மழை பெய்யாது என்று சத்தியம் பண்ணுகிறவன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு வந்தால் அவன் பேச்சை நம்புவீர்களா?

காண்டிராக்ட் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் காண்டிராக்ட்டில் வேலை செய்யும் வாலிபர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். ஜப்பான் அணு உலைகளில் கதிர் அதிகமான இடங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனியின் நிரந்தர ஆட்களல்ல. காண்டிராக்டருக்குக் கீழ்க் காண்டிராக்டர், அவனுக்கும் கீழ் ஒருவன் என்று அடுக்கடுக்காக வந்த தினக் கூலிகள். புகுஷிமாவில் விபத்துக்குப் பிறகு சுத்தம் செய்யப் போன சில கூலிகளை, கதிர் அளக்கும் கருவியை ஈயத் தகட்டால் மூடிக் கொள்ளும்படி ஒரு கீழ்க் காண்டிராக்டர் சொன்ன சங்கதி 2012-ல் வெளியாயிற்று. அளவு ஏறிவிட்டால் வேலை போய்விடும். ஆகவே அளவைக் குறைக்காமல் கருவியின் கண்ணைக் கட்டி விட்டார்கள். ஆயுதபூஜையன்று யந்திரத்துக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதும், கருவிக்கு ஈயம் போர்த்துவதும் ஒரே புத்திதான். இரண்டும் ஆபத்தைப் போக்குவதில்லை. ஆபத்தைப் பற்றிய நினைவை மாத்திரம் போக்குகின்றன.

சில ஆட்சேபனைகள்

"அப்படியானால் நீங்கள் விஞ்ஞானத்துக்கு விரோதியா?" என்று கேட்பார்கள். விஞ்ஞானம் என்பது சந்தேகப்படுவதற்குச் சம்மதிப்பது. சந்தேகப்படக் கூடாது என்று சொல்லும் உலை விஞ்ஞானமல்ல, கர்ப்பக்கிரகம்.

"கரண்டு இல்லாமல் தொழிற்சாலை ஓடுமா?" என்பார்கள். ஓடாது. கரி சுட்டு எடுக்கும் கரண்டாலும் புகையும் சாவும் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஜப்பானும் 2015 முதல் சில உலைகளைப் புதிய விதிகளோடு மறுபடி ஓட விட்டிருக்கிறது; 2024 அக்டோபரில் ஒனகாவாவின் ஓர் உலையே ஓடத் தொடங்கியது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் கணக்குப் புத்தகத்தை ஜனங்களின் முன் விரித்து வைத்துச் செய்யட்டும் என்பதே நமது வாதம். உலையை ஆதரிப்பவர்களும் இதை மறுக்க நியாயமில்லை. கேள்வியால் கெட்டுப் போகும் உலை, அலையால் கெடாமல் இருக்குமா?

"பெரிய விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், பாமரனுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். வேதம் படிக்க உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டவர்களின் வாய்தான் இதுவும். புகுஷிமாவில் பெரிய விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமா? ஈட்டாட்டே கிராமத்துப் பாமரன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்து கொண்டிருந்தால், பிள்ளைகளையாவது முன்னாலேயே அனுப்பியிருப்பான்.

ஐந்து "ஏன்?"

ஆகவே, தொழிற்சாலையில் நமது வாலிபர்கள் கற்ற ஜப்பான் பாடத்தை, தொழிற்சாலைக்கு வெளியேயும் கையாள வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம். ஓர் ஆணி உடைந்ததற்கு ஐந்து தடவை "ஏன்?" கேட்கலாமென்றால், லட்சக்கணக்கான ஜனங்களின் உயிருக்குக் கேட்கக் கூடாதா?

ஒன்று: 40 கிலோமீட்டரில் இருந்த ஒரு கிராமம் காலியானதை உலகமே பார்த்த பிறகும், நமது அவசரத் திட்டம் ஏன் 16 கிலோமீட்டரோடு நிற்க வேண்டும்?

இரண்டு: காற்றின் போக்கும் கதிரின் அளவும் ஊர்ச் சாவடியிலும் கம்பெனி வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட்டால் யாருக்கு நஷ்டம்? அதை ஏன் செய்யக் கூடாது?

மூன்று: கண்காணிப்பவர்களும் உலையை வளர்ப்பவர்களும் ஒரே சர்க்கார் இலாகாவின் நிழலில் ஏன் இருக்க வேண்டும்? ஜப்பான் 2012-ல் அதைப் பிரித்ததே!

நான்கு: விபத்து வராது என்றால், சாமான் விற்றவனின் பொறுப்பை ஏன் எடுத்தார்கள்? வரும் என்றால், அந்தப் பொறுப்பை ஏழை வரி கொடுப்போன் தலையில் ஏன் வைத்தார்கள்?

ஐந்து: காண்டிராக்ட் முடிந்து வீட்டுக்குப் போன கூலியின் உடம்பை இருபது வருஷம் கழித்துப் பார்க்கப் போவது யார்? அவன் பட்ட கதிரின் கணக்கு அவன் கையிலேயே ஏன் இருக்கக் கூடாது?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்கிற வரையில், கிராமப் பஞ்சாயத்துகளிலும், தொழிற்சங்கக் கூட்டங்களிலும், டீக்கடைகளிலும் இடைவிடாமல் கேட்க வேண்டும். கேட்டவனைத் தேசத்துரோகி என்றால், கேளாமலிருந்த ஜப்பான் தேசம் தன் ஜில்லாக்களில் ஒன்றில் பல ஊர்களை எப்படி இழந்து நின்றது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். வேலை வரிசையில் பிசகைக் கண்டால் கயிற்றை இழுத்து நிறுத்து என்று உங்களுக்கு ஜப்பான்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தோழர்களே, கயிறு உங்கள் கையில் இருக்கிறது. கையைக் கட்டிக் கொண்டு கும்பிட்டு நிற்பதற்கு அது கோயில் மணிக் கயிறு அல்ல.